ஈரத்தில் அளந்த நூல்

ஜூன் 4

அக்காவுக்கு,

உறவு கொண்டாடவோ பழையதைப் பேசவோ இதை எழுதவில்லை. ஒரு விவரம் வேண்டும், அதற்குத்தான். போனிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் எண் என்னிடம் இருக்கிறது. குரலைக் கேட்டதும் நானே வைத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் தாளில் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் கம்பெனி மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். வலது தோளில் முறிவு. எலும்பு கூடிவிட்டது, கைதான் மேலே போக மாட்டேன் என்கிறது. தோள் மட்டம் வரை வரும், அதற்குமேல் நின்றுவிடும். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துக் கிடக்கின்றன. தேறிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை, தேறாது என்றும் சொல்லவில்லை.

கேள்வி என் தலைமுடியைப் பற்றியது. ஆறு வருடமாக அதில் கத்திரி படவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. அடர்த்தி அப்படியேதான் இருக்கிறது, சுருளும் அப்படியேதான். முன்பு இரண்டு பின்னலாகப் போட்டுச் சுற்றி, கம்பெனி வலைத்தொப்பிக்குள் அடைப்பேன். அதற்கு இரண்டு கையும் இருபது நிமிடமும் வேண்டும். இப்போது என் வீட்டுக்காரர் சீவிவிடுகிறார். அவர் கடைசல் பட்டறைக்காரர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சிக்கைப் பார்த்தால் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது போலத்தான் இறங்குகிறார். பாவம், பொறுமையாகத்தான் செய்கிறார். வலிக்கிறது என்றுகூட எனக்குத்தான் சொல்லத் தோன்றுவதில்லை.

ஜூலை 23 திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடி பாட்டில்களை ஓடவிட்டுச் சோதிக்கும் இடத்தில் ஒரு முடி வெளியே தெரிந்தாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். இடது கையால் மட்டும் அலசி, சீவி, தொப்பிக்குள் அடக்கக்கூடிய மாதிரி எப்படி வெட்டிக்கொள்ள வேண்டும்? இங்கே ஒரு பார்லரில் கேட்டேன். நேராக்கிவிடலாம் என்கிறார்கள், இல்லாவிட்டால் ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிவிடலாம் என்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இந்த முடியைச் சின்ன வயதிலிருந்து பார்த்த ஆள் உங்களைத் தவிர எனக்கு வேறு யாருமில்லை.

"உங்கக்காவுக்கு எழுதேன்" என்று இவர்தான் சொன்னார்.

சின்னவள்

—

ஜூன் 11

சின்னவளுக்கு,

எப்போதிலிருந்து நான் ‘நீங்கள்’ ஆனேன்? அடித்துப் பிடித்துச் சண்டை போட்ட காலத்தில்கூட ‘நீ’தான், ‘வா’தான், ‘போடி’தான். சரி, உன் இஷ்டம். பேங்க் மேனேஜருக்கு எழுதுவதுபோல் எழுதியிருக்கிறாய், நானும் அப்படியே பதில் சொல்கிறேன்.

நீ விழுந்தது பிப்ரவரியில். இது ஜூன். நான்கு மாதம் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது கேட்க வந்ததும் கை எப்படி இருக்கிறது என்று சொல்ல அல்ல, முடியை எப்படி வெட்டுவது என்று கேட்க. உன்னிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது சுருள்முடி வெட்டுவதில்லை. கடையில் மூன்று நாற்காலி இருக்கிறது, அதில் ஒன்றுக்கு உயரம் ஏற்றும் மிதி போய் அட்டை செருகியிருக்கிறேன். நேர்முடிக்காரர்கள் வருகிறார்கள், வெட்டுகிறேன், கூட்டுகிறேன், பூட்டுகிறேன். சுருள்முடியோடு யாராவது வந்தால் அடுத்த தெருக் கடையைக் கைகாட்டிவிடுவேன். ஆனால் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லத் தெரியும். அது மறக்கவில்லை.

போட்டோ எதுவும் அனுப்பாதே. போட்டோவில் எல்லாச் சுருள்முடியும் காக்கைக்கூடு மாதிரிதான் இருக்கும். நூல் எடுத்துக்கொள். உச்சியிலிருந்து நுனி வரை ஒரு நூல், நெற்றிப்பொட்டிலிருந்து ஒன்று, பிடரியிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றிலும் முடி தோளைத் தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சு, கழுத்தெலும்பைத் தொடுகிற இடத்தில் இரண்டு முடிச்சு. உறையில் போட்டு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், சிக்கை மேலிருந்து கீழே இழுக்கக் கூடாது. நுனியில் நான்கு விரல் அளவு முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் அதற்கு மேலே நான்கு விரல். போல்ட் கழற்றுகிறவருக்கு இது புரியாமல் போகாது.

இரவில் வலி உண்டா? எழுது. எழுதாவிட்டாலும் போ.

பெரியவள்

—

ஜூன் 18

அக்காவுக்கு,

நூல்கள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. இவர்தான் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உலர்ந்திருந்தால் முடி நூலுக்கு நிற்க மாட்டேன் என்கிறது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஓடுகிறது. ஈரமாக இருக்கும்போதுதான் சொன்னபடி நேராக நிற்கிறது. பட்டறையில் அளப்பதுபோல் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் முடிச்சுப் போட்டார். நான்கு விரல் கணக்கும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "இத முன்னாடியே சொல்லியிருந்தா உன் தலையில பாதி மிஞ்சியிருக்கும்ல" என்கிறார்.

வலி இல்லை. வலி இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. சுண்டுவிரலை மேசை விளிம்பில் தட்டிப் பார்ப்பேன். சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மற்றதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்காருகிறேன். எதிரே ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர். பதினொரு மணிக்கு வெயில் சுவரின் பாதிக்கு வரும், ஒரு மணிக்குப் போய்விடும். பிறகு சாப்பிடுகிறேன். 

உங்கள் கடிதத்தில் ஒரு வரி, ‘அது மறக்கவில்லை’ என்று. எனக்கும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது தலையணையில் இருந்தது அம்மா என்று எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. என் முடி அம்மா கொடுத்த முடி. அதே சுருள், அதே அடர்த்தி, அதே இடுப்பளவு. அம்மாவின் அந்த முடி காதுக்கு மேலே கன்னாபின்னாவென்று நின்றது. நீங்கள் கையில் கத்திரியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "உசுரோட இருக்கும்போதே அம்மாவைப் பொணமாக்கிட்டியே." நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அம்மா போய்விட்டாள். என்னிடம் கடைசி வரை வாய் திறக்கவே இல்லை.

சண்டைக்காக இதை எழுதவில்லை. கேட்ட விவரங்களோடு இதுவும் இருக்கட்டும் என்றுதான்.

எந்த வெட்டு என்று சொல்லுங்கள்.

சின்னவள்

—

ஜூன் 24

சின்னவளுக்கு,

நூல்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குப்பையில் போடு.

ஈரத்தலையில் யாராவது அளப்பார்களா? உனக்கு அறிவிருக்கிறதா? முப்பத்தெட்டு வருடமாக அந்த முடியைச் சுமந்துகொண்டு திரிகிறாய், ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம் என்பதுகூடத் தெரியாதா? மூன்று தடவை அளந்தாராம்! முப்பது தடவை அளந்தாலும் தப்பு தப்புதான். இந்த நூலை நம்பி எவளாவது வெட்டியிருந்தால் உன் கதி என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஈரத்தில் தோளில் இருப்பது காய்ந்ததும் காதுக்குப் போய்விடும். போனது போனதுதான். ஒட்டவைக்க முடியாது.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதிகம்தான். கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன், போடவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். முடி நீளமாக இருக்கும் வரை தன் கனத்தாலேயே சுருள் கீழே இழுபட்டுக் கிடக்கும். வெட்டியதும் கனம் போய்விடும், சுருள் இறுகி மேலே ஏறும். எவ்வளவு ஏறும் என்று வெட்டாமல் யாராலும் சொல்ல முடியாது. உன் தலையிலேயே பிடரியில் ஒரு மாதிரி ஏறும், நெற்றிப்பக்கம் ஒரு மாதிரி ஏறும். அதனால் உலர்ந்த தலையில்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு சுருளாக எடுத்து, இழுக்காமல், அது தானாக எங்கே தொங்குகிறதோ அங்கே வெட்ட வேண்டும்.

உனக்கு ஏற்றது கழுத்தெலும்பு அளவு. அதற்குமேல் ஏற விடாதே. அதைவிட நீளமென்றால் இடது கையால் அடங்காது, குட்டையென்றால் கிளிப்பில் நிற்காது. ஒரே மட்டமாக வெட்டினால் கூடாரம் மாதிரி கீழே விரியும், எனவே அடுக்கடுக்காக லேயர் வேண்டும். ஆனால் மிகக் குட்டையான லேயரும் மோவாய்க்குக் கீழேதான் இருக்க வேண்டும். பிடரியில் உள்பக்கம் கொஞ்சம் அடர்த்தியைக் குறைக்கலாம். பல் வைத்த கத்திரியை எடுத்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடு, அதில் வெட்டினால் பஞ்சு மெத்தை பிரிந்ததுபோல் ஆகிவிடும். முன்நெற்றியில் வெட்டவே கூடாது. இப்படி இருந்தால் குனிந்து தலையை முன்னால் போட்டு, ஒற்றைக் கையால் வாரி, ஒரே கிளிப்பில் தொப்பிக்குள் வைத்துவிடலாம். நான் என் ஒரு கையைக் கட்டிப்போட்டுவிட்டு, கடையில் இருக்கும் பொம்மைத் தலையில் செய்து பார்த்தேன். நாற்பது நொடி ஆகிறது.

தனித்தாளில் இதையெல்லாம் படம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பார்லர்க்காரியிடம் கொடு.

ஆஸ்பத்திரியைப் பற்றி நீ எழுதியதையும் படித்தேன்.

பெரியவள்

—

ஜூலை 1

அக்காவுக்கு,

பார்லருக்குப் போனேன். படத்தைக் கொடுத்தேன். அவள் நல்ல மாதிரிதான், பார்த்துவிட்டு, "யாருங்க இவ்ளோ விவரமா வரைஞ்சது?" என்றாள். அக்கா என்றேன். வெகுநாள் கழித்து அந்த வார்த்தையை வெளியாள் ஒருத்தியிடம் சொன்னேன்.

துண்டைப் போர்த்தினாள். பிறகு பழக்கதோஷத்தில் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் தலையில் தண்ணீர் அடித்துவிட்டாள். "ஐயோ, காய்ஞ்ச தலையிலதான்னு எழுதியிருக்கே, மறந்துட்டேங்க" என்று அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் தண்ணீர் பிடரி வழியாக முதுகில் இறங்கியது. நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் மீது எனக்குக் கோபமில்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாசல் வரை வந்தாள், நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டோடு தெருவில் நடந்தேன். பாதி வழியில்தான் துண்டு கழுத்தில் இருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து துண்டை மடித்து வைத்துவிட்டு உன் கடிதத்தை எடுத்தேன். ஈரத்தில் நூல் அளந்ததற்கு ஒரு ஆள் இவ்வளவு கத்துவாளா? பாட்டில் ஓடும் விளக்குப் பலகையின் முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். விரிசல் விழுந்த பாட்டில் ஓடி வரும்போது வெளிச்சம் ஓரிடத்தில் வேறு மாதிரி உடையும். அதைத்தான் பார்ப்போம். உன் கடிதத்தில் அந்த இடம் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் அம்மாவின் தலைமாட்டில் கை வைத்தேன். தலையணை சில்லென்று நனைந்திருந்தது. அம்மாவுக்கு வியர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலின் கம்பியில் ஈரத்துண்டு ஒன்று தொங்கியது. ஆறு வருடமாக நான் முடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், துண்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மா முடியை ஈரத்தில் வெட்டினாயா?

கேட்கிறேன், அவ்வளவுதான். உண்டு, இல்லை என்று எழுது.

சின்னவள்

—

ஜூலை 5

சின்னவளுக்கு,

ஆமாம். ஈரத்தில்தான் வெட்டினேன்.

அம்மாதான் வெட்டச் சொன்னாள். ஐந்து வாரம் மல்லாந்தே கிடந்ததில் பின்னந்தலை முழுக்கச் சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. நர்ஸ் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் முடி தோளுக்கடியில் மாட்டி இழுக்கும், அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அன்றைக்கு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவளே, இத வெட்டி விட்ருடி. தோள் வரைக்கும் போதும். ரொம்பக் குட்டையாக்கிடாத, சின்னவ வந்து பார்த்தா பதறிப்போயிடுவா" என்றாள்.

உன் பஸ் நாலு மணிக்கு. நான் ஆரம்பித்தபோது இரண்டரை. சிக்கெடுக்கத் தண்ணீரும் கண்டிஷனரும் போட்டு ஊறவைத்தேன். ஒரு மணி நேரம் எடுத்தது. உலர விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வதே அதைத்தான். ஆனால் நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும், தலையணை உறையை மாற்றி அம்மாவைச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும், நீ உள்ளே வரும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று இருந்தது. தோளில் வைத்து வெட்டினேன். ஈரத்தில் அது சரியாகத் தோளில்தான் இருந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காயக் காய ஏறியது. கழுத்துக்கு வந்தது, அப்புறம் காதுக்கு வந்தது. வலது பக்கம் ஒரு மாதிரியும் இடது பக்கம் ஒரு மாதிரியும் ஏறியது. கோணலை நேராக்குகிறேன் என்று இன்னும் வெட்டினேன். கைவேலை தெரியாதவள் செய்வது அது. பதினெட்டு வருடம் தொழில் செய்தவள் நான், நிறுத்தத் தெரியாமல் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

அம்மா கையைத் தூக்கித் தோளில் தேடினாள். பிறகு கழுத்தில் தேடினாள். "எங்கடி?" என்றாள். நான் துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் போட்டேன். "கண்ணாடி இருந்தா காட்டு" என்றாள். என் பையிலேயே இருந்தது, பின்பக்கம் காட்டுகிற கைக்கண்ணாடி. இல்லை என்று சொல்லிவிட்டேன். "சரி விடு, முடிதானே. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அப்புறம் ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டாள். உன் பஸ் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம். காத்திருந்தால் முடி உலர்ந்திருக்கும்.

"அம்மாதான் வெட்டச் சொன்னா" என்று அன்றே சொல்லியிருந்தால் நீ அடங்கியிருப்பாய். வாய் வரை வந்தது. ஆனால் "காது வரைக்குமா வெட்டச் சொன்னா?" என்று நீ அடுத்ததாகக் கேட்பாய். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நீ, கேட்காமல் விடமாட்டாய். கல்நெஞ்சுக்காரி என்று உன்னிடம் பெயர் வாங்கினாலும் வாங்கலாம், வெட்டத் தெரியாதவள் என்று பெயர் வாங்க முடியாது என்று நினைத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அதற்காக ஆறு வருடம் போயிற்று.

அதற்குப் பிறகு சுருள்முடி தொடவில்லை.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இனி உன் பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் 23ஆம் தேதி வருகிறது. அந்தப் பார்லர்க்காரியிடமே திரும்பப் போ. ஸ்ப்ரே பாட்டிலை எட்ட வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்.

பெரியவள்

—

ஜூலை 12

அக்கா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது, அணைத்துவிட்டு மறுபடி படித்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சுண்டுவிரலைத் தட்டிப் பார்ப்பேன் என்று எழுதினேன் அல்லவா, அந்த மாதிரி உன் கடிதத்தை இத்தனை நாளும் எடுத்து எடுத்துப் படித்தேன். இவர் என்ன என்று கேட்டார். நீட்டினேன். படித்துவிட்டு, "எனக்கும் ஒரு தடவை இப்படி அளவு போயிருக்கு, முதலாளிகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல" என்றார்.

நேற்று இவர் பட்டறைக்குப் போன பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். வலது காதுக்குப் பின்னால் ஒரு விரல் தடிமனுக்கு முடியைப் பிரித்து, அதை மட்டும் நனைத்து, சீவி, தோளில் வைத்து இடது கையால் வெட்டினேன். உன் கையால் வெட்டிய மாதிரி நேராக வரவில்லை. ஆனால் தோளில்தான் வெட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று பத்து. எதிர்ச்சுவரில் வெயில் பாதிக்கு வந்திருந்தது.

உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கழுத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டரைக்குக் காதுமடலைத் தொட்டது. ஒரு மணிக்கு வெயில் போகும்போது காதுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி சுருண்டு உட்கார்ந்துவிட்டது. பிடித்து இழுத்தால் தோளுக்கு வருகிறது, விட்டால் ஓடிவிடுகிறது. ஏறும் என்று எனக்கும் தெரியும். இவ்வளவு ஏறும் என்று தெரியாது. வெட்டுகிற நேரத்தில் கைக்கு எதுவுமே தெரியவில்லை, அக்கா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது நான் எழுதியது மாதிரி இருக்காது. அதனால் வேறு ஒன்று எழுதுகிறேன், இதை நான் இவரிடம்கூடச் சொன்னதில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் முடி வளர்க்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். கோபம் இரண்டு வருடத்தில் போய்விட்டது. அன்றைக்குப் பொணம் என்று நான் கத்தியபோது அம்மாவின் இமை அசைந்த மாதிரி இருந்தது. தூங்குகிறாள் என்றுதான் கத்தினேன். கேட்டிருப்பாளா? அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் போனாளா? வெட்டிக்கொள்ளலாம் என்று கத்திரிக்காரர்களிடம் போய் உட்காரும்போதெல்லாம் அந்த இமைதான் நினைவுக்கு வரும். எழுந்து வந்துவிடுவேன். அது மாதிரி நாலு கடையில் எழுந்து வந்திருக்கிறேன்.

இப்போது ஒரு பக்கம் இடுப்புவரை, ஒரு கொத்து மட்டும் காதுக்குமேல். பார்க்க எப்படி இருக்கிறது என்று நீயே நினைத்துப் பார். இந்தக் கோலத்தோடு நான் எந்த பார்லருக்கும் போக முடியாது. போகவும் மாட்டேன்.

நீதான் வந்து சரிசெய்ய வேண்டும்.

சின்னவள்

—

ஜூலை 15

அடி பைத்தியக்காரி,

வேண்டுமென்றே தலையைக் கெடுத்துக்கொண்டு எழுதுகிறாய். காதுக்குப் பின்னால் என்றாயே, எவ்வளவு பின்னால்? லேயருக்குள் அதை மறைக்க முடியாவிட்டால் என்ன செய்வது? அந்த ஒரு கொத்து கழுத்தெலும்புக்கு வர இரண்டு வருடம் ஆகும். அதுவரை ஒரு ஊசி கிளிப் போட்டு ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். இடது கையால் வெட்டினாளாம்! சின்ன வயதில் பொம்மைக்கு மொட்டையடித்தவள்தானே நீ.

நீ கேட்டதற்குப் பதில். ஊசி போட்ட பிறகு அம்மாவுக்கு எதுவும் கேட்காது என்று டாக்டர் சொன்னார். நான் தனியாகப் போய்க் கேட்டேன், அன்றே கேட்டேன். ஏனென்றால் எனக்கும் இமை அசைந்த மாதிரிதான் இருந்தது. அவர் சொன்னது உண்மையா, எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதா, தெரியாது. "நிச்சயமாகக் கேட்கவில்லை" என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுத மாட்டேன். உள்ளதை உன்னிடம் மறைத்து ஒரு தடவை பட்டது போதும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்கு உன் வீட்டில் இருப்பேன். பஸ் தாமதமானால் தாமதமாகட்டும், எனக்கு அவசரமில்லை, அன்றைக்குக் கடையைப் பூட்டிவிடுகிறேன்.

நாற்காலியை ஜன்னலோரம் போடு. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் தலையில் தண்ணீர் படக் கூடாது, ஒரு சொட்டுகூட. மழை பெய்தால் வெளியே போகாதே. சீவவும் வேண்டாம், அது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். உன் வீட்டுக்காரரிடம் கத்திரியை ஒளித்து வைக்கச் சொல்.

ஆறு வருடம் ஆயிற்று. கைக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். தடுமாறினால் கத்திரியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன், அப்புறம் எடுப்பேன். அப்போது நீ எதுவும் சொல்லாதே.

இன்னொன்று. எதிரே பெரிய கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும். கையில் பிடிக்கிற கண்ணாடியை நான் கொண்டுவருகிறேன், அம்மாவிடம் இல்லை என்று சொன்னேனே, அதேதான். ஒவ்வொரு சுருளையும் வெட்டும்போது முன்னாலும் பின்னாலும் நீ பார்க்க வேண்டும். போதும் என்று நீ சொல்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

பெரியவள்

—

ஜூலை 17

அக்கா,

கடிதம் இன்று காலையில் வந்தது. வீட்டில் பெரிய கண்ணாடி இல்லை. பீரோவில் இருந்ததை இவர் கழற்றி ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். மூன்று தடவை அளந்துதான் ஆணி அடித்தார். அப்படியும் கோணலாகத்தான் இருக்கிறது. நீ வந்து திட்டுவாய் என்று பயப்படுகிறார்.

இன்று மத்தியானம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். வலது கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்த்தேன். பழைய இடத்தில்தான் நிற்கிறது. விரல் மரத்துத்தான் இருக்கிறது. முடியைத் தோளின் முன்பக்கம் போட்டுப் பார்த்தேன், அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன், மோவாய் நனைந்திருந்தது. தலையில் படவில்லை, துடைத்துவிட்டேன்.

தலை நேற்றிலிருந்தே காய்ந்துதான் இருக்கிறது. வா.

சின்னவள்